ஃபோர்ட் வொர்த் கௌபாய் நகரச் சுற்றுலா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாலஸ் பக்கம் வேலைக்கு வந்த தமிழர்கள் ஏராளம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால், விருந்தினர் வந்தால், "கௌபாய் ஊர் ஒன்று இருக்கிறதாமே, அங்கே போகலாமா?" என்ற பேச்சு கட்டாயம் வரும். அப்படிக் கேட்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும், அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களும் இங்கே.

டெக்சஸில் எத்தனையோ ஊர்கள் இருக்க, ஏன் ஃபோர்ட் வொர்த்?

மாட்டால் பிறந்து மாட்டால் வளர்ந்த ஊர் இது. 1849-இல் டிரினிட்டி ஆற்றங்கரை மேட்டில் ராணுவம் ஒரு காவல் முகாம் போட்டது. ஜெனரல் வில்லியம் வொர்த் நினைவாக அதற்குப் பெயர் வைத்தார்கள். நான்கே ஆண்டில், 1853-இல், ராணுவம் கிளம்பிப் போய்விட்டது. காலியான கட்டடங்களில் குடியேறியவர்கள்தான் ஊரை நடத்தினார்கள்.

அப்புறம் உள்நாட்டுப் போர் வந்தது. 1865-இல் அது முடிந்தபோது டெக்சஸில் பணம் இல்லை, மாடு மட்டும் கணக்கில்லாமல் இருந்தது. இங்கே சுமார் 4 டாலருக்குப் போன மாடு வடக்கு நகரங்களில் 40 டாலர் வரை விலை போனது. மாடு இங்கே, ரயில் அங்கே கான்சஸில். அதனால் நடத்தியே கூட்டிப் போனார்கள். அந்தத் தடத்துக்கு சிஷம் டிரெயில் என்று பெயர். 1867 முதல் சுமார் இருபது ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் அதில் நடந்தன என்று மதிப்பிடுகிறார்கள். வடக்கே ரெட் ஆற்றைத் தாண்டி இந்தியன் டெரிட்டரிக்குள் (பூர்வகுடிகளுக்கு ஒதுக்கிய பகுதி, இன்றைய ஒக்லஹோமா) நுழையும் முன், மாவு, காபி, தோட்டா எல்லாம் வாங்கிக்கொள்ள வழியில் கிடைத்த கடைசிப் பெரிய ஊர் ஃபோர்ட் வொர்த். சம்பளத்தோடு திரும்பி வரும் பையன்கள் முதலில் இறங்கிய ஊரும் இதுதான். 'கவ்டவுன்' (மாட்டு ஊர்) என்ற செல்லப்பெயரை ஊர் இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது.

கைடு வேண்டுமா? நாமே நடந்து பார்த்தால் போதாதா?

நடந்து பார்க்கத் தடை ஏதுமில்லை. ஆனால் என் கருத்தைக் கேட்டால், இந்த ஊருக்குக் கைடு அவசியம். கண்ணுக்குத் தெரிவது செங்கல் தெருவும் தொப்பிக் கடையும்தான். கட்டடங்கள் எல்லாம் இன்று உணவகமாகவும் ஹோட்டலாகவும் மாறிவிட்டன. இதுதான் செம்மறிக் கொட்டகை, இந்தத் தளம் சரிவாக இருப்பது கழுவிவிடத்தான், மேலே போகும் இந்த மரப்பாதையில் நின்றுதான் வியாபாரிகள் கீழே பட்டியிலிருந்த மாடுகளை விலை பேசினார்கள் என்று யாராவது காட்டிச் சொன்னால்தான் இடம் பிடிபடும்.

பழைய மாட்டுச் சந்தை வட்டாரத்துக்கு ஸ்டாக்யார்ட்ஸ் என்று பெயர். அங்கே விசிட்டர் சென்டரிலிருந்து கிளம்பும் நடைச்சுற்றுலா இருக்கிறது, வேனில் ஊரையே சுற்றிக்காட்டுபவர்களும் இருக்கிறார்கள். முதல்முறை வருபவர்களுக்கு நடைச்சுற்றுலாவைச் சொல்வேன். பதிவு செய்வதற்கு முன் ஒன்று கேட்டுப் பாருங்கள்: "இறைச்சி ஆலைகளைப் பற்றியும், கறுப்பின கௌபாய்கள் பற்றியும் சொல்வீர்களா?" ஆமாம் என்று உற்சாகமாகப் பதில் வந்தால் நல்ல கைடு கிடைத்துவிட்டார்.

எங்கே ஆரம்பிப்பது, எவ்வளவு நேரம் ஆகும்?

ஸ்டாக்யார்ட்ஸில் ஆரம்பியுங்கள். டவுன்டவுனுக்கு வடக்கே நாலைந்து கிலோமீட்டரில் இருக்கிறது. காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தால் கூட்டம் குறைவு. நடை முடிந்து பகல் 11:30-க்கு மாடுகள் வருவதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடலாம். பிற்பகல் டவுன்டவுனோ அருங்காட்சியகமோ ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் ஒரே நாளில் அடைக்கப் பார்த்தால் காரில் உட்கார்ந்த நேரம்தான் அதிகமாக இருக்கும்.

அந்த மாட்டு ஊர்வலம் உண்மையிலேயே பார்க்கத் தக்கதா?

ஆமாம். தினமும் காலை 11:30-க்கும் மாலை 4:00-க்கும் ஈஸ்ட் எக்ஸ்சேஞ்ச் அவென்யூவில் நடக்கிறது. காசு கிடையாது. ஈஸ்டர், தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ் நாட்களில் இல்லை. மழை, கடும் வெயில் என்றாலும் நிறுத்திவிடுவார்கள். ஊருக்கு 150 வயதானதை ஒட்டி 1999-இல் நகராட்சியே தொடங்கியது இது.

எதிர்பார்ப்பைக் கொஞ்சம் சரி செய்துகொள்ளுங்கள். தூசு பறக்க ஓடும் மந்தை இல்லை. நிதானமாக நடந்து போகும், சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் அந்த நடையைத்தான் பார்க்க வேண்டும். லாங்ஹார்ன் என்ற இந்த நீளக்கொம்பு மாடு ஒவ்வொன்றுக்கும் கொம்பு ஆளுயரத்துக்கு அகலமாக விரிந்திருக்கும், சில கொம்பு முறுக்கி மேலே போகும், சிலது நேராகப் பக்கவாட்டில் போகும். அவ்வளவு அகலமான கொம்பை வைத்துக்கொண்டு பக்கத்து மாட்டின் மேல் இடிக்காமல், தலையை லேசாகச் சாய்த்து ஒன்றை ஒன்று விலகிப் போகும் லாகவம் இருக்கிறதே, அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். குதிரையில் வருபவர்கள் சத்தமே போடுவதில்லை. மாடு ஒன்று ஓரம் ஒதுங்கினால் குதிரையை அரை அடி நகர்த்துவார்கள், மாடு தானாக வரிசைக்குத் திரும்பும். தடத்தில் போனவர்களும் இப்படித்தான் ஓட்டினார்கள். விரட்டி ஓட்டினால் மாடு இளைக்கும், இளைத்தால் விலை போகாது. ஒரு நாளைக்கு 10 முதல் 15 மைல், அதற்கு மேல் இல்லை.

லைவ்ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்துப் புல்வெளிப் பக்கம் கால் மணி நேரம் முன்பே நின்றுகொள்ளுங்கள். குழந்தைகளை நடைபாதைக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

கௌபாய் என்றாலே துப்பாக்கிச் சண்டைதானே? அது எங்கே நடந்தது?

படத்தில் பார்த்த அளவுக்கெல்லாம் நடக்கவில்லை. நடந்ததில் பேர்போனது ஒன்று உண்டு. 1887 பிப்ரவரி 8 அன்று, வைட் எலிஃபன்ட் என்ற சலூனுக்கு (மதுக்கடைக்கு) அருகே, சூதாட்டக்காரர் லூக் ஷார்ட்டும் ஊரின் பழைய மார்ஷல் ஜிம் கோர்ட்ரைட்டும் மோதினார்கள். கோர்ட்ரைட் கடைக்காரர்களிடம் 'பாதுகாப்பு' என்று மாமூல் வாங்கிக்கொண்டிருந்தார். ஷார்ட் கொடுக்கவில்லை. முதல் சில நொடிகளிலேயே கோர்ட்ரைட்டின் கட்டைவிரல் போனது, அடுத்து உயிரும் போனது. இருவரும் இன்று ஓக்வுட் மயானம் என்ற ஒரே இடுகாட்டில்தான் கிடக்கிறார்கள். இப்போது ஸ்டாக்யார்ட்ஸில் அதே பெயரில் இருக்கும் சலூன் சண்டை நடந்த இடம் அல்ல. அசல் சலூன் டவுன்டவுனில் மெயின் தெருவில் இருந்தது.

தெருவில் துப்பாக்கிச் சண்டை நாடகம் போடுவார்கள், குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஆனால் ஊரின் கதையைத் துப்பாக்கியிலிருந்து பிடித்தால் வழி தப்பிவிடும். மாட்டின் பின்னால் போனால்தான் முழுக் கதையும் கிடைக்கும்.

அப்படியென்றால் நிஜமான கௌபாய்கள் யார்?

கூலிக்கு மாடு மேய்த்த இளைஞர்கள். பலருக்கு வயது இருபதைச் சுற்றித்தான் இருக்கும். மாதச் சம்பளம் 25 முதல் 40 டாலர். 2,500 மாடு கொண்ட ஒரு மந்தைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு சமையல்காரர், மாற்றுக் குதிரைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பையன். பகலெல்லாம் குதிரை மேல், ராத்திரி முறை போட்டுக் காவல். இடி இடித்து மந்தை மிரண்டு ஓடினால் இருட்டில் அதன் முன்னால் குதிரையை விட்டுத் திருப்ப வேண்டும். ஆறு கடக்கும்போது மூழ்கிப் போனவர்களும் உண்டு.

இந்தத் தொழிலை டெக்சஸ்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் மெக்சிகோவின் மாட்டுக்காரர்களான வக்கேரோக்கள். சுருக்குக் கயிறு, கொம்பு வைத்த சேணம், முள்ளிலிருந்து காலைக் காக்கும் தோல் மறைப்பு, மாட்டுக்குச் சூடு போடும் முறை எல்லாம் அவர்களிடமிருந்து வந்தவை. தடத்தில் போனவர்களில் நாலில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பலர் அடிமையாக இருந்தபோதே மாட்டு வேலை பழகியவர்கள். சினிமா இவர்களை வெள்ளையடித்து மறைத்துவிட்டது.

கவ்டவுன் கொலிசியம் என்ற அரங்கத்தின் அருகே பில் பிக்கெட்டின் சிலை இருக்கிறது, அவசியம் நின்று பாருங்கள். 1870-இல் டெக்சஸில் பிறந்த கறுப்பின கௌபாய். ஓடும் குதிரையிலிருந்து மாட்டின் மேல் பாய்ந்து, கொம்பைப் பிடித்து முறுக்கி, அதன் உதட்டைப் பல்லால் கடித்துக் கீழே சாய்ப்பார். மேய்ச்சல் நாய்கள் அப்படி மாட்டை அடக்குவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். கடிப்பது மட்டும் இல்லாமல் அதே வித்தை இன்றும் ரோடியோ என்ற கௌபாய் விளையாட்டில் ஒரு போட்டியாக நடக்கிறது. தோலின் நிறத்தால் பல இடங்களில் அவரைப் போட்டியில் சேர்க்க மறுத்தார்கள். 1971-இல்தான், அவர் இறந்து 39 ஆண்டுகள் கழித்து, ரோடியோ புகழ்மன்றத்தில் இடம் கொடுத்தார்கள்.

பூர்வகுடிகளான கொமான்ச்சி மக்களையும் மறக்கக் கூடாது, இது அவர்கள் காட்டெருமை வேட்டையாடிய நிலம். அவர்களின் தலைவர் குவானா பார்க்கர் பிற்காலத்தில் மேய்ச்சல் குத்தகை பேச ஃபோர்ட் வொர்த் வந்து போவார். 1885-இல் அவரோடு வந்து ஒரு ஹோட்டலில் தங்கிய மாமனார் யெல்லோ பேர், கேஸ் விளக்கிலிருந்து கசிந்த வாயுவால் தூக்கத்திலேயே இறந்துபோனார்.

ஸ்டாக்யார்ட்ஸில் எந்தக் கட்டடங்களைத் தவறவிடக் கூடாது?

முதலில் எக்ஸ்சேஞ்ச் அவென்யூவின் தரையைப் பாருங்கள். மேற்கே தர்பர் என்ற சுரங்க ஊரில் சுட்ட செங்கல் அது. மாட்டு வண்டி, லாரி எல்லாம் ஏறியும் தேயாமல் கிடக்கிறது.

லைவ்ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் கட்டடம் 1900-களின் தொடக்கத்தில் எழுந்தது. தரகர்கள், ரயில் கம்பெனி, தந்தி அலுவலகம் எல்லாம் இதற்குள்தான் இருந்தன. இங்கே முதலாளிகளிடம் புரண்ட பணத்தைப் பார்த்து 'மேற்கின் வால் ஸ்ட்ரீட்' என்றார்கள். உள்ளே இருக்கும் ஸ்டாக்யார்ட்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரு மின்விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. 1908 செப்டம்பர் 21 அன்று ஒரு நாடகக் கொட்டகையின் பின்வாசலில் போட்ட பல்பு அது. கொட்டகை இடிக்கப்பட்டது, பல்பு மட்டும் கைமாறி இங்கே வந்து சேர்ந்தது. மங்கலான ஆரஞ்சு வெளிச்சம்தான் வரும், ஆனால் உள்ளே இழையைத் தனித்தனியாக எண்ணிப் பார்க்கலாம். இடம் சின்னது, அதனால் பலர் நுழையாமலே போய்விடுகிறார்கள்.

பக்கத்தில் கவ்டவுன் கொலிசியம். 1908-இல் 88 நாளில் கட்டி முடித்தார்கள். 1918-இல் உலகின் முதல் உள்ளரங்க ரோடியோ இங்கேதான் நடந்தது என்று ஊர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள்.

எதிரே மியூல் ஆலி. 1911-இல் தீவிபத்தில் பழைய தொழுவங்கள் எரிந்த பின், தீப்பிடிக்காத செங்கல் கட்டடங்களாக 1912-இல் கட்டினார்கள். முதல் உலகப்போர் வந்தபோது ஐரோப்பியப் படைகளுக்குக் குதிரையும் கோவேறு கழுதையும் வாங்க அதிகாரிகள் இங்கே வந்து குவிந்தார்கள். இப்போது கடைகளும் ஹோட்டலும் உள்ளன. நல்லவேளை, செங்கல் முகப்பை மாற்றவில்லை.

பில்லி பாப்ஸ் என்ற பிரம்மாண்டமான ஆட்டபாட்ட அரங்கம் 1981-இல் திறந்தது. கட்டடம் அதற்கு எழுபது ஆண்டு மூத்தது, அசலில் மாட்டுக் கொட்டகை. அமெரிக்க 'கன்ட்ரி' இசை பிடித்தவர்கள் மாலையில் போகலாம். மற்றவர்கள் பகலில் எட்டிப் பார்த்தால் போதும்.

தெருக்கோடியில் பாழடைந்த பெரிய கட்டடங்கள் தெரிகின்றனவே, அவை என்ன?

நல்ல கேள்வி, அதிகம் பேர் கேட்பதில்லை. இந்த ஊரைப் பணக்கார ஊராக்கியதே அவைதான்.

1876 ஜூலை 19 அன்று ரயில் வந்தது. அது வந்த கதையே தனி. கெடுவுக்குள் தண்டவாளம் வந்து சேராவிட்டால் அரசு ரயில் கம்பெனிக்குக் கொடுத்த நிலமானியம் போய்விடும். சட்டமன்றக் கூட்டத்தொடர் முடிவதுதான் கெடு. அதனால் இந்தப் பகுதிப் பிரதிநிதி நிக்கலஸ் டார்னெல், படுத்த படுக்கையாக இருந்தும், கட்டிலோடு தூக்கிவரச் சொல்லித் தினமும் 'கூட்டத்தை முடிக்கக் கூடாது' என்று ஓட்டுப்போட்டார். ஊர்க்காரர்கள் இறங்கி வேலை செய்து தண்டவாளம் போட உதவினார்கள்.

ரயில் வந்தபின் மாடு நடக்க வேண்டியதில்லை. ஆனால் உயிரோடு ஏற்றி அனுப்புவதைவிட இங்கேயே வெட்டி, குளிரூட்டிய பெட்டியில் அனுப்பினால் லாபம். ஆர்மர், ஸ்விஃப்ட் என்ற இரண்டு சிகாகோ இறைச்சிக் கம்பெனிகளை ஊர் வருந்தி அழைத்தது. யாருக்கு எந்த மனை என்பதை நாணயம் சுண்டித் தீர்த்தார்கள். 1903-இல் ஆலைகள் ஓட ஆரம்பித்தன. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை. கிழக்கு ஐரோப்பியர், மெக்சிகர், கறுப்பினத்தவர் என்று வடக்குப் பகுதி நிறைந்தது. வரிக்குத் தப்ப, ஆலைகளைச் சுற்றி 1911-இல் நைல்ஸ் சிட்டி என்று சில நூறு பேர் மட்டும் வாழும் ஒரு தனி ஊரையே உண்டாக்கினார்கள். 1923-இல் ஃபோர்ட் வொர்த் அதை விழுங்கிக்கொண்டது. 1944-இல் ஒரே ஆண்டில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் இந்தச் சந்தை வழியாகப் போயின.

பிறகு லாரியும் நெடுஞ்சாலையும் வந்தன. மாடு இருக்கும் இடத்துக்கே ஏலமும் ஆலையும் போய்விட்டன. ஆர்மர் 1962-இல் மூடியது, ஸ்விஃப்ட் 1971-இல். 1976-இல் இந்த வட்டாரத்தை வரலாற்றுச் சின்னப் பட்டியலில் சேர்த்ததால்தான் மிச்சமாவது தப்பியது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1921 டிசம்பரில் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஸ்விஃப்டில் வேலைக்குப் போன ஃப்ரெட் ரௌஸ் என்ற கறுப்பினத் தொழிலாளியை ஒரு கும்பல் அடித்துப் போட்டது. உயிர் பிழைத்து மருத்துவமனையில் கிடந்தவரை ஐந்து நாள் கழித்துப் படுக்கையிலிருந்து தூக்கிப் போய் மரத்தில் தொங்கவிட்டார்கள். அந்த இடத்தில், சாமுவல்ஸ் அவென்யூவில், நூறாவது ஆண்டில்தான் நினைவுப் பலகை வந்தது. தொப்பியும் பூட்ஸும் மட்டும் காட்டிவிட்டு இதை விட்டுவிடும் கைடு பாதி ஊரைத்தான் காட்டுகிறார்.

ரோடியோவும் நம் ஜல்லிக்கட்டும் ஒன்றுதானா?

இரண்டும் வேறு. ஜல்லிக்கட்டில் வீரர் தரையில் நின்று திமிலைப் பிடிக்கிறார். ரோடியோ காளைச் சவாரியில் காளை மேல் ஏறி, ஒரு கையால் மட்டும் கயிற்றைப் பிடித்து, 8 நொடி தாக்குப்பிடிக்க வேண்டும். இன்னொரு கை எதையும் தொடக் கூடாது. நூறு மதிப்பெண்ணில் பாதி மனிதனுக்கு, பாதி காளை துள்ளிய துள்ளலுக்கு. அதுபோகக் கன்றுக்குச் சுருக்கு வீசுவது, பீப்பாய்களைச் சுற்றிப் பெண்கள் குதிரை ஓட்டுவது என்று பல போட்டிகள். பெரும்பாலானவை பண்ணை வேலையிலிருந்து வந்தவை.

ஆனால் களத்தில் வரும் காளையின் முதுகைப் பாருங்கள், பலவற்றுக்குத் திமில் இருக்கும். அது நம் நாட்டு ரத்தம். டெக்சஸ் வெயிலையும் உண்ணிக் காய்ச்சலையும் தாங்கும் மாடு வேண்டும் என்று 1906-இல் டெக்சஸ் பியர்ஸ் பண்ணையைச் சேர்ந்த போர்டன் இந்தியாவிலிருந்து காளைகளைக் கப்பலில் கொண்டுவந்தார். காங்கிரேஜ், கிர், ஓங்கோல், கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடுகளைக் கலந்து அமெரிக்கர்கள் உருவாக்கிய இனத்துக்குப் பெயரே பிராமன். ரோடியோ காளைகளில் பல இதன் கலப்பு.

கொலிசியத்தில் வெள்ளி, சனி இரவுகளில் ஆண்டு முழுவதும் ரோடியோ உண்டு. ஜனவரி, பிப்ரவரியில் நடக்கும் ஸ்டாக் ஷோ என்ற கால்நடைக் கண்காட்சி 1896 முதல் நடக்கும் பெரிய திருவிழா. அதற்கு டிக்கெட் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

மிருகங்களுக்குத் துன்பம் இல்லையா?

இருக்கிறது என்று எதிர்ப்பவர்கள் இங்கேயும் உண்டு. காளையின் பின்னங்கால்களுக்கு முன், அடிவயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டை, ஓடும் கன்றைக் கயிற்றால் சுண்டி நிறுத்துவது இரண்டும்தான் முக்கியச் சர்ச்சை. நடத்துபவர்கள் கால்நடை மருத்துவர் உடனிருப்பதையும், லட்சக்கணக்கில் விலை பெறும் காளையை யாரும் காயப்படுத்த விரும்பமாட்டார்கள் என்பதையும் சொல்வார்கள். எனக்குக் கன்றுச் சுருக்கைப் பார்க்க மனம் ஒப்புவதில்லை. உங்களுக்கும் அப்படித் தோன்றினால் ரோடியோவை விட்டுவிட்டு மாட்டு ஊர்வலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டவுன்டவுனில் என்ன பார்ப்பது?

1895-இல் இளஞ்சிவப்பு கிரானைட்டில் கட்டிய டாரன்ட் கவுண்டி நீதிமன்றத்தில் தொடங்கி மெயின் தெருவில் தெற்கே நடங்கள். போலீஸ்காரர் யாராவது எதிரே வந்தால் பேட்ஜைக் கவனியுங்கள், அதில் சிறுத்தை இருக்கும். 1875-இல், ஊர் எவ்வளவு தூங்கி வழிகிறது என்றால் நீதிமன்றம் பக்கத்தில் சிறுத்தை படுத்துத் தூங்கியது என்று டாலஸ் பத்திரிகை ஒன்று கேலி செய்தது. கேலியையே ஊர் தன் சின்னமாக்கிக்கொண்டது.

சன்டான்ஸ் சதுக்கத்தில் ரிச்சர்ட் ஹாஸ் 1985-இல் வரைந்த சிஷம் டிரெயில் சுவரோவியம் இருக்கிறது. சதுக்கத்தின் பெயர் சன்டான்ஸ் கிட் என்ற கொள்ளைக்காரருடையது. 1900 நவம்பரில் அவரும் புட்ச் காசிடியும் கூட்டாளிகள் மூவரும் கோட்டு சூட்டு போட்டு இங்கே ஒரு ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்டார்கள். படம் நன்றாக வந்ததால் ஸ்டுடியோக்காரர் அதைக் கண்ணாடிக்குள் வைக்க, அது துப்பறிவாளர்கள் கைக்குப் போய்த் தேடப்படுவோர் நோட்டீஸில் ஏறியது.

தெற்குக் கோடியில், கௌபாய்கள் சம்பளத்தைத் தொலைத்த 'ஹெல்ஸ் ஹாஃப் ஏக்கர்' என்ற குடி, சூதாட்டப் பேட்டை இருந்த இடத்தில் இன்று மாநாட்டு மையமும் வாட்டர் கார்டன்ஸும் உள்ளன. நீர் விழும் படிகளில் குழந்தைகளை இறங்க விடாதீர்கள். 2004-இல் அங்கே நான்கு பேர் மூழ்கி இறந்தார்கள்.

வழியில் இருக்கும் பழைய ஹோட்டல் டெக்சஸ்தான் ஜனாதிபதி ஜான் கென்னடி தம் கடைசி இரவைக் கழித்த இடம். 1963 நவம்பர் 22 காலை, அங்கே நடந்த விருந்தில் அவருக்கு கௌபாய் தொப்பி ஒன்றைப் பரிசளித்தார்கள். கேமராக்கள் காத்திருந்தும் அவர் அதைத் தலையில் வைக்கவில்லை, வெள்ளை மாளிகையில் திங்கட்கிழமை வைத்துக்கொள்கிறேன் என்றார். அன்று பகலிலேயே டாலஸில் சுடப்பட்டார்.

கௌபாயில் ஈடுபாடு இல்லாதவர்களையும் கூட்டிப்போகிறோம், அவர்களுக்கு?

அருங்காட்சியகங்கள் இருக்கும் கல்ச்சுரல் டிஸ்ட்ரிக்டுக்குப் போங்கள். அகமதாபாத் ஐ.ஐ.எம். கட்டடத்தை வடிவமைத்த லூயி கான் கட்டிய கிம்பெல் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது, 1972-இல் திறந்தது. வில் போல வளைந்த கான்கிரீட் கூரையின் உச்சியில் நீளமாக ஒரு பிளவு, அதிலிருந்து இறங்கும் வெயில் அலுமினியத் தகட்டில் பட்டுக் கூரை முழுவதும் வெள்ளியாகப் பரவும். நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. பக்கத்திலேயே ஆமன் கார்ட்டர் அருங்காட்சியகமும் இலவசம், ரெமிங்டனும் ரஸ்ஸலும் தீட்டிய மேற்கத்திய ஓவியங்கள் அங்கே.

பெண் பிள்ளைகளோடு போனால் நேஷனல் கவ்கர்ள் மியூசியத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். பண்ணை நடத்தியவர்கள், குதிரைச் சாகசக்காரிகள், முன்னோடிப் பெண்கள் என்று அவர்களுக்காகவே உள்ள இடம்.

வயதானவர்களால் நடக்க முடியுமா? எந்த மாதம் நல்லது?

தூரம் அதிகமில்லை, தரை சமம்தான். ஆனால் செங்கல் தெருவில் சக்கர நாற்காலி குலுங்கும், நடைபாதையிலேயே போங்கள். வெயில்தான் உண்மையான சிரமம். ஜூலை, ஆகஸ்ட்டில் 38 டிகிரி சாதாரணமாகத் தாண்டும். அக்டோபர் முதல் நவம்பர் நடுவரையும், மார்ச், ஏப்ரலும் நல்ல காலம். வசந்தத்தில் திடீர்ப் புயல்மழை வரும், வானிலையைப் பார்த்துக் கிளம்புங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

மாட்டு ஊர் அல்லவா, ஸ்டீக்தான் ராஜா. சைவர்களுக்கு டெக்ஸ்-மெக்ஸ் (டெக்சஸ் பாணி மெக்சிகோ உணவு) உணவகங்கள் கைகொடுக்கும்: சீஸ் என்சிலாடா, காய் ஃபஹீட்டா, சோறு, அவகாடோ குவாகமோலி. மசித்த பீன்ஸில் பன்றிக்கொழுப்பும், சோற்றில் கோழிச்சாறும் சேர்ப்பது உண்டு. கேட்டுவிட்டு வாங்குங்கள், தயங்காமல் சொல்வார்கள். 'சிக்கன் ஃப்ரைடு ஸ்டீக்' என்று மெனுவில் பார்த்துக் கோழி என்று நினைத்துவிடாதீர்கள், மாட்டிறைச்சி. பெரியவர்களுக்கு எலுமிச்சைச் சாதமோ தயிர்சாதமோ கட்டிக்கொண்டு போவது நிம்மதி.

தொப்பி, பூட்ஸ் வாங்கலாமா?

வாங்கலாம், அவசரப்படாமல். தெருமுனைத் தொப்பி படத்துக்கு மட்டும் உதவும். நல்ல கடையில் தலையை அளந்து, நீராவி காட்டி ஓரத்தை உங்கள் முகத்துக்கு ஏற்ப வளைத்துக் கொடுப்பார்கள். கோடைக்கு வைக்கோல், குளிருக்கு ஃபெல்ட். எம்.எல். லெடீஸ் (M.L. Leddy's) கடைக்காரர்கள் பூட்ஸை இன்னும் கையால் தைக்கிறார்கள், 1922-இல் தொடங்கிய குடும்பத் தொழில் அது. விலை அதிகம், காத்திருக்கவும் வேண்டும். வாங்காவிட்டாலும் உள்ளே போய்த் தோலையும் தையலையும் பாருங்கள். அடுத்தவர் தொப்பியை மட்டும் எடுத்துப் போட்டுப் பார்க்காதீர்கள், அது மரியாதைக் குறைவு.

கார் இல்லாமல் வர முடியுமா?

முடியும். டி.எஃப்.டபிள்யூ. விமான நிலையத்தின் பி டெர்மினலிலிருந்து டெக்ஸ்ரெயில் என்ற ரயில் நேராக வருகிறது. நார்த் சைட் நிலையத்தில் இறங்கினால் ஸ்டாக்யார்ட்ஸ் பக்கம்தான், கடைசித் துண்டுக்கு டாக்ஸி ஆப் போதும். டாலஸ் யூனியன் ஸ்டேஷனிலிருந்து டி.ஆர்.இ. ரயில் டவுன்டவுனுக்கு வரும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஓடாது. காரில் வந்தால் டாலஸிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். வார இறுதியில் பதினொரு மணிக்கு மேல் பார்க்கிங் கிடைப்பது கஷ்டம், கட்டணமும் உண்டு.

கைடுக்கு டிப்ஸ் கொடுக்க வேண்டுமா?

வழக்கம் உண்டு, டிக்கெட் விலையில் 15 முதல் 20 சதவீதம். தன்னார்வலராக வரும் அருங்காட்சியக வழிகாட்டிகள் பணம் வாங்கமாட்டார்கள், அவர்களுக்கு வாசலில் இருக்கும் நன்கொடைப் பெட்டியில் போடலாம்.